சேலத்துக்கு ஓர் அலமாரி, ஏற்காட்டுக்கு ஓர் அலமாரி

எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில். பழைய காலத்துச் சமையலறை. மேற்குச் சுவரை ஒட்டி மேடை, மேடைக்கு மேலே கடப்பா கல் பதித்த தட்டுகள், அதற்கும் மேலே பரண். அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டில்தான் மிளகாய்த்தூள் முதல் ஏலக்காய் வரை எல்லாம் இருந்தன. கை எட்டுகிற இடம், வேறென்ன வேண்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். சென்ற கோடையில் வாங்கிய கரம் மசாலா ஆடி மாதத்துக்குள் மரத்தூள் மாதிரி ஆனபோதுதான் அந்தத் தட்டின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி, சமையலறையில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சித்திரை மதியம், வெளியே வெயில் கொளுத்துகிறது. அறை நடுவில் 36 டிகிரி. அடுப்புக்கு மேல் தட்டில், குழம்பு கொதிக்கும்போது, 46. எதிர்ச் சுவரில், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் உள்சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் 32. ஒரே அறைக்குள் 14 டிகிரி வித்தியாசம். இதில் இன்னொரு சங்கதி, கடப்பா கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்பை அணைத்து நெடுநேரம் ஆன பிறகும் அந்தக் கல்லில் கை வைத்தால் வெதுவெதுப்பு. மேற்குச் சுவர் வேறு, சாயங்கால வெயில் முழுவதும் அதன் மேல்தான்.

மசாலாவின் வாசனை என்பது அதிலுள்ள எண்ணெய். அது ஆவியாகிற எண்ணெய், சூடு ஏற ஏற வேகமாகப் போகும். மிளகை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். மிளகின் காரம் பைப்பரின் என்கிற பொருளால் வருவது, அது ஆவியாவதில்லை. வாசனைதான் ஆவியாகும். அதனால்தான் பழைய மிளகுத்தூள் நாக்கில் சுள்ளென்று ஏறும், மூக்குக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. முழு மிளகில் அந்த எண்ணெய் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பொடித்துவிட்டால் எல்லாப் பக்கமும் காற்று. முழு மசாலா இரண்டு மூன்று வருடம் தாங்கும் என்றால் பொடிக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்புக்கு மேலே என்றால் அதுவும் கிடையாது.

வெளிச்சமும் சும்மா இல்லை. மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் வெளிச்சத்தில் வெளுக்கும். கண்ணாடிப் பாட்டிலில் ஜன்னல் பக்கம் இருந்த மஞ்சள்தூளை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியை ஒட்டியிருந்த பொடி வெளிறிக் கிடந்தது, கரண்டியால் கிளறினால் உள்ளே நல்ல மஞ்சள். அழகாக வரிசையாகத் தெரியவேண்டும் என்று திறந்த ரேக்கில் கண்ணாடிப் பாட்டில்களை அடுக்குகிற வழக்கம் இப்போது பரவிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரி, முதலில் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினேன். தேதி பார்த்துத் தள்ளுவதைவிட ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பதுதான் சரியான சோதனை. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் தேறின. சீரகத்தூள், மல்லித்தூள், ஒரு பாக்கெட் கறி மசாலா குப்பைக்குப் போயின. முழு மல்லி பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக்கில் குண்டூசி முனை அளவில் ஓட்டைகள். உதறினால் பழுப்பு நிறத்தில் வண்டு, கடுகைவிடச் சற்றுப் பெரியது, காலை மடக்கிச் செத்தது போல நடிக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் மூன்றையும் விடாத வண்டு இது. பாக்கெட்டை வெளியிலிருந்தும் துளைக்கும், உள்ளேயிருந்தும் துளைக்கும்.

"வெயில்ல போட்டா ஓடிரும் கண்ணு" என்றார் அத்தை. வண்டு ஓடும், உண்மைதான். ஆனால் மல்லி விதைக்குள்ளே இருக்கிற புழுவும் முட்டையும் எங்கே ஓடும்? அத்தை சொல்லையும் தட்டாமல் இரண்டையும் செய்தேன். அரித்துப்போன பாக்கெட்டை அப்படியே வெளியேற்றினேன். அதன் பக்கத்தில் இருந்த, பார்வைக்கு நன்றாகவே இருந்த மிளகாயையும் விரலி மஞ்சளையும் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தேன். மைனஸ் 18 டிகிரி பிடிக்கிற ஃப்ரீசராக இருந்தால் ஒரு வாரம் போதும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் அவ்வளவு குளிராது, இரண்டு வாரம் விடுவது நல்லது. வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மிளகாயின் மேல் காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் வந்து படியும். அதன் பிறகு மொட்டை மாடியில் ஒரு நல்ல வெயில். மிளகாயைக் காம்போடுதான் வைத்திருக்கிறேன். காம்பைக் கிள்ளினால் அந்த வாய் வழியாக ஈரமும் பூஞ்சையும் ஏறும். அரைக்கிற அன்றைக்குக் கிள்ளினால் போதும்.

அடுக்குவதற்கு ஒரு கணக்கு வேண்டுமே. அளவு வாரியாக அடுக்கலாம், எழுத்து வரிசையில் அடுக்கலாம். நான் எது சீக்கிரம் கெடும் என்று பார்த்து அடுக்கினேன். கடுகுக்கு அடுப்புச் சூடு பெரிய விஷயமில்லை, அதன் நெடி இடித்து ஈரம் பட்ட பிறகுதான் பிறக்கிறது. வெந்தயம், உளுத்தம்பருப்பு, கல் உப்பு எல்லாம் கெட்டிக்காரர்கள். இவை மட்டும் அடுப்புப் பக்கம். அஞ்சறைப் பெட்டியும் அங்கேயேதான், ஆனால் அதில் மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் ஒரு வாரத்துக்கு ஆகிற அளவே. குவித்துப் போடும் பழக்கத்தை வீட்டில் நிறுத்த வைப்பதுதான் இந்த வேலை முழுவதிலும் சிரமமான பகுதி. கசகசா, எள், பொடித்த கரம் மசாலா மூன்றும் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போயின. கசகசாவும் எள்ளும் எண்ணெய்ச் சத்து மிகுந்தவை, கோடையில் சிக்கு வாடை ஏறிவிடும். ஏலக்காயை உரிக்காமல் தோலோடு, ஜாதிக்காயை முழுசாக, தேவைப்படும்போது துருவ. மற்றதெல்லாம் உள்சுவர் அலமாரிக்கு.

ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருந்தது. அதில் இழுக்கிற மாதிரி ஒல்லியான ரேக் செய்யலாமே என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் அந்தத் தகட்டுக்குள்தான் ஓடுகிறது. உள்ளே குளிர், பக்கவாட்டில் சூடு. அந்தச் சந்து முறத்துக்கும் துடைப்பத்துக்கும்தான் லாயக்கு.

உள்சுவர் அலமாரிக்குக் கதவு இருக்கிறது, அதனால் வெளிச்சக் கவலை இல்லை. கஷ்டம் அதன் ஆழத்தில். தட்டு 30 செ.மீ. ஆழம், இரண்டு தட்டுக்கு நடுவே 30 செ.மீ. உயரம். மூன்று வரிசை பாட்டில் நிற்கும், ஆனால் முன்வரிசைதான் கண்ணில் படும். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதையே மறுபடியும் வாங்குவோம். அதனால் உள்ளே கொலுப்படி மாதிரி இரண்டு படி செய்தேன். ஒரு படிக்கு 5 செ.மீ. உயரம் போதும். பின்பாட்டிலின் மூடியும் கழுத்தும் தெரிந்தால் ஆயிற்று. எங்கள் பாட்டில் 13 செ.மீ. உயரம். கடைசிப் படியில் நிற்கிற பாட்டிலின் தலை 23 செ.மீ.க்கு வரும், மேலே 7 செ.மீ. மிச்சம், கையை விட்டுச் சாய்த்து எடுக்கலாம். படியை இன்னும் உயர்த்தினால் பார்க்க எடுப்பாக இருக்கும், பாட்டிலை எடுக்க முடியாது.

12 மி.மீ. பிளைவுட் துண்டு மரக்கடையில் கழிவாகக் கிடைத்தது. பலகை கனம் 12 என்பதால் அடியில் ரீப்பர் கட்டை 38 மி.மீ. உயரத்துக்கு அறுத்தால் மொத்தம் 5 செ.மீ. கீழ்ப்படிக்குப் பலகை 20 செ.மீ. அகலம். அதன் மேல், பின்பக்கமாக, 10 செ.மீ. அகலத்தில் மேல்படி. இரண்டும் தனித்தனிப் பெட்டி போலத்தான், கல்லில் ஆணி அடிக்கவில்லை, சுவரிலும் துளை போடவில்லை. துடைக்கவேண்டுமானால் அப்படியே உருவி எடுத்துவிடலாம். பின்சுவரை ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டேன், ஐப்பசி மழையில் எந்தச் சுவர் ஓதம் கட்டும் என்று சொல்ல முடியாது. அறுத்த ஓரங்களுக்கு மட்டும் வார்னிஷ். வார்னிஷ் வாடை சுத்தமாகப் போகும்வரை படிகள் மாடியிலேயே கிடந்தன. மசாலா வாசனையை விடுகிற மாதிரியே பிற வாசனையை வாங்கவும் செய்யும், அவசரப்பட்டால் ஏலக்காய் டீயில் பெயின்ட் கடை மணக்கும்.

பாட்டில் விஷயத்தில் காசு செலவழிக்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்களும் காபித்தூள் பாட்டில்களும் இல்லாத சேலத்து வீடு ஏது. கண்ணாடியைக் கழுவினால் வாடை போய்விடும், மூடியின் உள்வட்டத்தில் இருக்கிற அட்டையும் ரப்பரும்தான் ஊறுகாய் வாடையை விடாது. சோடா மாவு தேய்த்து வெயிலில் காயவைத்தும் போகாத மூடிகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். கிராம்பைக் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கவே கூடாது. கிராம்பு எண்ணெய் அந்தப் பிளாஸ்டிக்கையே தின்னும், டப்பா மங்கி, கீறல் விழுந்து, கடைசியில் விரியும். எவர்சில்வர் டப்பாவில் வெளிச்சம் புகாது என்பது நல்லது. மூடி இறுக்கம் டப்பாவுக்கு டப்பா மாறும். உருக்காலை இருக்கிற ஊரில் வீட்டுக்கு வீடு எவர்சில்வர் என்றாலும் முழு மிளகாய், மல்லி போன்றவற்றுக்குத்தான் அதை வைத்திருக்கிறேன். புளியை மட்டும் பீங்கான் ஜாடியில். பெருங்காயம் தனி, கண்ணாடிக்குள் வைத்து அதை இன்னொரு டப்பாவுக்குள் போட்டு. பிளாஸ்டிக் டப்பா எத்தனை இறுக்கமாக இருந்தாலும் பெருங்காயம் அதைத் தாண்டி வந்து ஏலக்காயைப் பிடித்துவிடும்.

மிளகாய்த்தூளுக்கு ஒரு வார்த்தை. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வாங்கி மில்லில் கொடுத்து அரைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மில்லில் இருந்து வரும் தூள் கை பொறுக்காத சூடாக இருக்கும். அப்படியே டின்னில் கொட்டி மூடினால் சூட்டில் கிளம்புகிற ஈரம் மூடியில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பத் தூளிலேயே விழும். கட்டி கட்டுவதும் பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான் ஆரம்பம். வெள்ளை வேட்டி விரித்து, மின்விசிறியை நிறுத்தி (இல்லாவிட்டால் தெருவே தும்மும்), நன்றாக ஆறவிட்டுத்தான் அடைக்கவேண்டும். ஒரு வருடத்துக்கு என்று மொத்தமாக அரைப்பதை விட்டுவிட்டேன். மிளகாயாகவே இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மில்லுக்குப் போனால் ஆயிற்று.

அக்காவுக்கு ஏற்காட்டில் சின்னத் தோட்டம். காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. என் அலமாரியைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டி, அடுப்புப் பக்கம் எதையும் வைக்காதே என்று ஆரம்பித்தேன். "ஏன்டி, உங்க ஊரு வெயிலுக்குச் சொல்றத இங்க வந்து சொல்லாத. எனக்கு உப்பு தண்ணி விட்டுக்கிட்டு கெடக்குது, அதுக்கு வழி சொல்லு" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. சேலத்திலிருந்து 30 கி.மீ. சுமார்தான், ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். என் டிஜிட்டல் மீட்டரை அவள் சமையலறையில் வைத்தேன். வெப்பம் 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து போகிற வீடு அது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சேலத்தில் கோடை மதியம் அந்த எண்ணை எட்டுவதே இல்லை. ஏற்காட்டில் அவள் மிளகாயில் சாம்பல் பூத்திருந்தது, மிளகுத்தூள் கல்லாகியிருந்தது, ரசப்பொடியை ஸ்பூனால் குத்தி எடுக்கவேண்டியிருந்தது. வாசனை மட்டும் என் வீட்டைவிட நன்றாகவே இருந்தது, குளிர் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆக என் திட்டத்தை அங்கே தலைகீழாகத் திருப்பவேண்டியிருந்தது. அவள் வீட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் வெந்நீர் அடுப்பு, விறகில் எரிவது. அதன் பின்சுவர் சமையலறைப் பக்கம் எப்போதும் கதகதப்பாக, காய்ந்து இருக்கும். சேலத்தில் நான் காலி செய்த அதே மாதிரி இடம். உப்பு, புளி ஜாடி, துணிப்பையில் கட்டிய மிளகாய் மூன்றையும் அந்தச் சுவரில் பலகை அடித்து ஏற்றினோம். குக்கர் ஆவி அந்தப் பக்கம் வருவதில்லை, அதையும் பார்த்துக்கொண்டோம்.

மற்றவற்றுக்கு ஒரு பழைய மர அலமாரியைச் சூடான அலமாரியாக மாற்றினோம். மலைவீடுகளில் துணி அலமாரிக்குள் பல்பு எரியவிடுகிற பழக்கம் உண்டு, அதேதான். காற்று 20 டிகிரியில் 90 சதவீதம் ஈரத்தோடு இருக்கிறது என்று வையுங்கள். அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 66 சதவீதமாகிவிடும். ஈரம் எங்கும் போகவில்லை, சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். ஐந்து டிகிரி ஏற்ற 15 வாட் பல்பு ஒன்று போதுமாக இருந்தது. நாள் முழுக்க எரிந்தாலும் மாதம் 11 யூனிட்தான். கடையில் 'ஜீரோ வாட்' என்று கேட்டால் இப்போது எல்இடியைத் தருவார்கள், அது சூடாகாது, இந்த வேலைக்கு ஆகாது. இழை எரிகிற குண்டு பல்பு என்று சொல்லிக் கேட்கவேண்டும்.

பல்பைக் கீழ் அறையில், பீங்கான் ஹோல்டரில், மரத்தில் இருந்து தள்ளி, அடியில் தகடு போட்டு மாட்டினேன். அதற்கு மேல் குடை மாதிரி இன்னொரு தகடு, வெளிச்சமும் நேர்ச்சூடும் பாட்டிலுக்குப் போகாமல் தடுக்க. நடுத்தட்டுப் பலகையை எடுத்துவிட்டு ரீப்பர் பட்டைகளை விரல் இடைவெளியில் அடித்தேன், சூடான காற்று மேலே ஏற வழி வேண்டும். வெளியே அறையில் 90 காட்டிய நாளில் அலமாரிக்குள் 65ஐ ஒட்டி நின்றது. இந்த அலமாரிக்கு ஒயர் இழுத்த வேலையை நான் தொடவில்லை, எலக்ட்ரீஷியன் வந்து தனி சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்.

மிளகைப் பொறுத்தவரை அலமாரிக்கு வரும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கவேண்டும். தை மாதம் முதல் பங்குனி வரை பறிப்பு. கதிரிலிருந்து உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, களத்தில் காயப்போடுவார்கள். முக்கியெடுத்தால் ஒரே சீரான கறுப்பு வரும், சீக்கிரமும் காயும். ஈரம் 11 சதவீதத்துக்குக் கீழே இறங்கவேண்டும். வீட்டில் யாரிடமும் அதை அளக்கும் கருவி இல்லை, அக்கா ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்குவாள். கலகல என்று சத்தம் வந்து, பல்லில் வைத்தால் நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது. மழுங்கிய சத்தம் வந்தால் இன்னும் இல்லை. பனிமூட்டம் இறங்கிய வாரங்களில் அவள் களத்தில் அது காயவே காயாது, அப்போது மூட்டையைக் கட்டி என் மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவாள்.

இந்தப் போக்குவரத்தில் மூடிக்கு ஓர் இலவசச் சோதனையும் கிடைத்தது. ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்பிக்கொள்வது அதனால்தான். அக்கா அங்கே இறுக்கி மூடிக் கொடுத்த மிளகுப் பாட்டிலை இங்கே வந்து திறந்தால் மூடி அசையாது. கரண்டிக் காம்பால் நெம்பினால் 'உஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு திறக்கும். அப்படிச் சத்தம் போட்ட மூடிகளில் மட்டும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன். சத்தமே இல்லாமல் திறந்த மூடிகள் வழியெல்லாம் காற்றை விட்டுக்கொண்டே வந்தவை. அந்தப் பாட்டில்களில் இப்போது கடுகும் வெந்தயமும். புள்ளி வைத்தவற்றில் பாதியை அக்கா திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள், அதனால் என் ஏலக்காய் இப்போதைக்கு ரப்பர் வளையம் போட்ட கிளிப் ஜாரில் இருக்கிறது.